‘மாதம் ஒரு புது ஆர்பிஜி’: யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஜனவரி பிறந்தால் எங்கள் ஆர்பிஜி குழுவில் (ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, டைஸ் போட்டுக் கதையை நகர்த்தும் விளையாட்டு) யாராவது “இந்த வருஷம் மாதத்துக்கு ஒரு புது கேம் ஆடியே தீரணும்” என்று கிளப்பிவிடுவார், எல்லாரும் தலையாட்டுவோம். பிப்ரவரியில் ஒருவருக்கு ஆபீஸில் ரிலீஸ், இன்னொருவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விடுவார், மார்ச் வந்தால் கணக்கு முடிப்பு, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். மிச்சம் இருப்பது ஆஃபரில் வாங்கிப் போட்ட விதிப் புத்தகப் பிடிஎஃப்கள். நான்கைந்து பேரை ஒரே சனிக்கிழமை சாயங்காலம் உட்கார வைப்பதுதான் இந்த விளையாட்டிலேயே கஷ்டமான வேலை.

இப்போது எண்ணிக்கைக் கணக்கை விட்டுவிட்டோம். ஒரு கேமை எடுக்கும்போதே, இது எப்படிப்பட்டது என்று தெரிய எத்தனை தடவை உட்கார வேண்டியிருக்கும் என்று மட்டும் பேசிக்கொள்கிறோம். கிராண்ட் ஹோவிட் எழுதிய ஹனி ஹைஸ்டுக்கு ஒரு சாயங்காலம் போதும், மொத்த விதியும் ஒரே பக்கம். நாம் எல்லாரும் கரடிகள், தேன் கொள்ளையடிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. ‘கரடி’, ‘குற்றவாளி’ என்று இரண்டே எண்கள், இரண்டும் 3-இல் தொடங்கும். திட்டம் சொதப்பினால் ஒரு புள்ளி கரடிப் பக்கம் நகரும், சுமுகமாக நடந்தால் குற்றவாளிப் பக்கம். கரடி 6-ஐத் தொட்டால் வெறிபிடித்து எல்லாவற்றையும் கிழித்துப்போடும், குற்றவாளி 6 ஆனால் கூட்டாளிகளுக்கே துரோகம். எங்கள் ஆட்டத்தில் வேன் ஓட்டிய கரடிக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது 6 ஆகிவிட்டது. ஸ்டீயரிங் தனியாகக் கையோடு வந்தது, தேன் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதே நினைப்பில் ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க்கைத் தொட்டால் ஏமாற்றம்தான். முதல் நாள் ஒரு திருட்டு வேலையை முடிப்பீர்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த கேமின் சூட்சுமம் வேலைக்கு அப்புறம் வரும் ‘டவுன்டைம்’ பகுதியில் இருக்கிறது. ஏறிப்போன ஸ்ட்ரெஸ்ஸை இறக்கக் குடியோ சூதோ ஏதாவது ஒரு கெட்ட பழக்கத்தில் கேரக்டர் இறங்க வேண்டும், அதில் அளவு மீறினால் புது வம்பு, அந்த வம்போடுதான் அடுத்த வேலைக்குக் கிளம்புவீர்கள். இந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றாமல் “ஆடிப் பார்த்தேன், பிடிக்கல” என்பது நியாயமில்லை. அதனால் அதே ஆட்கள் மூன்று தடவையாவது வரமுடிந்தால் தொடங்குவோம், இல்லையென்றால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

* * *

சகோ சொல்வது ஆடுகிறவர் பக்கம் சரி. நான் பெரும்பாலும் ஜிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவளாக உட்காருகிறவள், எனக்குப் பயம் பக்கங்கள்தான். 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் கேமின் இரண்டாம் பதிப்பு அடிப்படைப் புத்தகம் 640 பக்கம். அதைப் படித்து முடித்துவிட்டு ஆட்டம் வைக்கலாம் என்று இருந்தால் குழந்தை காலேஜுக்குப் போய்விடும். அதனால் இலக்கை ஒரே ஒரு சண்டைக்குச் சுருக்கினேன். தயாராகக் கிடைக்கும் முதல் லெவல் கேரக்டர்கள், ஒரு குகை, நான்கு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்). விதிகள் எல்லாம் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் இலவசம், தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம்.

ஒரு டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன் என்றதும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடிப் பழகிய தம்பி “அப்போ மூணு வெட்டு” என்று குதித்தான். இரண்டாவது அடிக்கு டைஸ் கணக்கில் 5 கழியும், மூன்றாவதுக்கு 10 கழியும் என்றதும் முகம் தொங்கிவிட்டது. இரண்டு ரவுண்டு கழித்து அவனே ஒரு வெட்டு, ஒரு அடி பின்வாங்கல், கேடயத்தைத் தூக்கல் என்று ஆட ஆரம்பித்தான். அந்த கேமைப் பற்றி அன்றைக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான், மீதிப் பக்கங்கள் எங்கும் ஓடிவிடாது.

டைஸையே பார்க்காதவர்களோடு என்றால் நான் கால் ஆஃப் கதுலு என்ற திகில் கேமின் இலவசக் குயிக்-ஸ்டார்ட் (சுருக்க விதி) புத்தகத்தைத்தான் எடுப்பேன், ‘த ஹாண்டிங்’ என்ற பேய்வீட்டுக் கதை அதிலேயே இருக்கிறது. திறமை 60 என்றால் டைஸில் 100-க்கு 60 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். என் அண்ணிக்கு இதை விளக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதல் கேமாகக் கொடுக்கும் வழக்கம் எனக்கு ஒத்துவரவில்லை, கேரக்டர் ஷீட்டைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

* * *

உங்களுக்கெல்லாம் சனிக்கிழமையாவது இருக்கிறது, எனக்கு நைட் ஷிஃப்ட். ஷான் டோம்கினின் அயர்ன்ஸ்வோர்ன் தனியாகவே ஆடலாம், பிடிஎஃப் இலவசம். ஒரு ஆறுமுக டைஸைப் போட்டுத் திறமையைக் கூட்டி, இரண்டு பத்துமுக டைஸ்களோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் அரைகுறை, இரண்டுமே மிஞ்சிவிட்டால் வினைதான். இதில் கேரக்டர் ஒரு சபதம் எடுக்க வேண்டும், சபதத்துக்கு ஐந்து படிகள் உண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் நேராகப் பெரிய படிக்குப் போய் ராஜ்யத்தை மீட்கக் கிளம்பிவிடுகிறார்கள், சபதம் எவ்வளவு நிறைவேறியது என்று குறிக்கும் பெட்டிகள் நத்தை வேகத்தில் நிரம்பும், மூன்றாம் நாள் நோட்டையே திறக்க மாட்டார்கள். இருப்பதிலேயே சின்னப் படியில் ஒன்றை எடுங்கள். என் ஆளுக்குக் காணாமல் போன ஊர் ஆடுகளைத் தேடிக் கொண்டுவரும் வேலை, இரண்டு டீ பிரேக்கில் முடிந்தது. இப்போது அந்த ஆடுகளை ஓட்டிப்போனது யார் என்று அடுத்த சபதம் போட்டிருக்கிறேன், இதுவும் சின்னப் படிதான்.