கால் ஊன்றியது, பூட் விடவில்லை: ஸ்டட் அனுபவங்கள்

ரைட் விங்:
ரொம்ப நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது, கொட்டிவிடுகிறேன். ஒரு கால்பந்து மேட்ச். ரப்பர் துகள் போட்ட செயற்கைப் புல் தரை, உச்சி வெயில். எங்கள் சென்டர் பேக் பந்தை வாங்கித் திரும்பினார். பக்கத்தில் ஆளே இல்லை. இடுப்பு திரும்பியது, தொடை திரும்பியது, பூட் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. ‘டப்’ என்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்துவிட்டது. அவர் கத்தக்கூட இல்லை, முட்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூட்டைக் கழற்றியது நான்தான். பிளேடு ஸ்டட், அதாவது தரையைப் பிடிக்க சோலுக்கு அடியில் இருக்கும் முளைகள் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும். வெளி ஓரத்து இரண்டு பிளேடுக்கும் நடுவே ரப்பர் துகள் கெட்டியாக அடைத்திருந்தது. அதற்குள் புல் நார் ஒன்று மடங்கிச் சிக்கியிருந்தது. பிளேடு அடிவரை இறங்கியிருந்தால்தான் அப்படி மாட்டும். இயற்கைப் புல்லுக்கான எஃப்.ஜி. சோல் அது. இடித்து விழுந்து முட்டி போனால் மனசு ஏற்றுக்கொள்ளும். யாரும் தொடாமல், ஒரு சோல் பிடித்த பிடியில் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

இடது பேக்:
எனக்கு முட்டி இல்லை, பாதம். சுண்டு விரலுக்குப் பின்னால் போகிற ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பு. ஓடும்போது வலிக்கும், நின்றால் போய்விடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று தெரிந்தது, திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தில் எலும்பில் வரும் மெல்லிய விரிசல்.

அன்று வீட்டுக்கு வந்து பூட்டின் இன்சோலை உருவிப் பார்த்தேன். வெளி ஓரத்தில் காசளவுக்கு ஒரு வட்டப் பள்ளம். அடியில் விரலை வைத்தால் நேர் கீழே ஒரு ஸ்டட். எலும்பு, பள்ளம், ஸ்டட் மூன்றும் ஒரே கோட்டில். வெட்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் எடை முழுக்க அந்த ஒரு புள்ளியில் இறங்கியிருக்கிறது.

அது ஆண்கள் பூட்டின் சின்ன சைஸ். பெண்களுக்குக் குதிகால் பொதுவாகக் குறுகல், முன்பாதம் அதற்கு அகலம். பூட் செய்யும் கால் வடிவ அச்சு மாறாமல் அளவை மட்டும் குறைத்தால், நீளம் சரியாக இருந்தாலும் ஸ்டட் வேறு எலும்புக்குக் கீழே போய் உட்காரும். ஏ.சி.எல். காயமும் ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அப்படி இருந்தும் பெரும்பாலான சோலை எங்கள் காலைப் பார்த்துச் செய்வதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கோல் கீப்பர்:
ரைட் விங் சொன்னதைக் கேட்டால் பிளேடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் போல இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிடிப்பு குறைந்தாலும் காயம்தான். மழை கொட்டிய மைதானம், தேய்ந்த ஸ்டட், கோல் கிக் அடிக்கும்போது ஊன்றிய கால் முன்னால் வழுக்கிப் போனது. கவட்டைத் தசை கிழிந்து, படியேறவே பல வாரம் ஆனது. 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனி சேற்றுக்காக நீள ஸ்டட் திருகிக்கொண்டு இறங்கியது சும்மாவா? ஈரத் தரையில் நீளம் வேண்டும்.

பயிற்சியாளர்:
என் கதை சின்னது. ஒரு பையன், அதே மாதிரி ஊன்றித் திரும்பினான், அதே முட்டி. தூக்கிக்கொண்டு போகும்போது “சார், கால் மாட்டிக்கிச்சு சார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கீப்பர் தம்பி, நீளம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள். ஜோசப் டார்க் என்ற எலும்பு மருத்துவர் பிலடெல்பியா பள்ளி அணிகளைக் கவனித்து 1971-இல் எழுதினார். முக்கால் அங்குல நீளத்தில் 7 கிளீட் (ஸ்டட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) இருந்த பூட்டுக்குப் பதில், அதில் பாதி நீளத்தில் 14 கிளீட் உள்ள சாக்கர், அதாவது நம் கால்பந்து, மாதிரி பூட் போட்டதும் முட்டிக் காயம் குறைந்தது. 1996-இல் லாம்ப்சன் என்ற ஆய்வாளரின் குழு 3,119 பள்ளி வீரர்களை வைத்து எழுதியது இன்னும் தெளிவு. ஓரத்தில் நீளக் கிளீட்டும் நடுவில் குட்டிக் கிளீட்டும் வைத்த ‘எட்ஜ்’ வகைக்குத்தான் திருகு எதிர்ப்பு அதிகம், ஏ.சி.எல். காயமும் மற்ற வகைகளைவிட அதற்கே அதிகம். தரைச் சூடு ஏறினாலும் பிடிப்பு கூடும், அதையும் டார்க் குழு 1996-இல் செயற்கைப் புல்லில் காட்டியது. ரைட் விங் சொன்ன உச்சி வெயிலை நினைத்துப் பாருங்கள்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். சோலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். செயற்கைப் புல்லுக்கு ஏ.ஜி., இல்லை என்றால் குட்டி ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள டி.எஃப். சேற்றுக்கு மட்டும் எஸ்.ஜி. பாதி ஸ்டட் தேய்ந்து பாதி நிற்கிற பூட்டைத் தூக்கிப் போடுங்கள். புது பூட்டை நேராக மேட்சில் போடாதீர்கள். தொடைப் பின்தசையைப் பலப்படுத்துங்கள், குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடங்காமல் பழகுங்கள். அப்புறம்…

ரைட் விங்:
சார், எல்லாம் சரி. ஆனால் எங்கள் சென்டர் பேக் தொடையைப் பலப்படுத்தாமலா இருந்தார்? நான் கேட்பது சோலைச் செய்கிறவர்களை.

சோல் டிசைனர்:
செய்கிறவன் நான், சொல்கிறேன். செயற்கைப் பாதத்துக்கு பூட் மாட்டி, மேலே எடை ஏற்றி, தரையில் வைத்துத் திருகும் மிஷின் உண்டு. முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தது மறக்காது. திருகு விசையைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போகிறது, பூட் அசையவில்லை. திடீரென்று புல்லைக் கிழித்துக்கொண்டு சுழன்றது. அந்த உச்ச எண் எவ்வளவோ, அவ்வளவையும் மைதானத்தில் ஒரு முட்டி தாங்க வேண்டும்.

கீப்பரும் ரைட் விங்கும் சண்டை போடத் தேவையில்லை, இருவர் சொல்வதும் வேறு வேறு பிடிப்பு. முன்னோக்கி உந்தும்போது வேண்டிய பிடிப்பு ஒன்று, திருகும்போது விட்டுக்கொடுக்க வேண்டிய பிடிப்பு இன்னொன்று. முதலாவதைக் கூட்டினால் இரண்டாவதும் கூடவே ஏறுகிறது, எங்கள் தலைவலியே அதுதான். சுழலும் மையத்திலிருந்து ஸ்டட் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு திருகு எதிர்ப்பு, அதனால்தான் ஓரத்து நீள ஸ்டட் ஆபத்து. உருண்டை ஸ்டட் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முகத்தைக் காட்டும், பிளேடு அகல முகத்தால் மண்ணைத் தள்ளும். லாம்ப்சன் பார்த்த வகைகளிலேயே முன்பாதத்தில் 10 செ.மீ. வட்ட விளிம்பும் நடுவில் ஒரே ஒரு கிளீட்டும் வைத்த ஒன்று இருந்தது. அது சுழலும், ஆனால் ஓடுகிறவர்கள் பிடிப்பைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இடது பேக், உங்கள் பள்ளத்துக்கு என் பதில்: ஸ்டட்டை எலும்புக்கு நேர் கீழே வைக்காமல் இரண்டாகப் பிரித்து, நடுவில் கொஞ்சம் விறைப்பான தகடு கொடுத்தால் அழுத்தம் பரவும். ஆனால் அதைப் பெண்கள் கால் அச்சில் அளந்து வைக்க வேண்டும், அதற்குத் தனி மோல்டு வேண்டும்.

இடது பேக்:
அந்தத் தனி மோல்டைத்தான் கேட்கிறோம் அண்ணா. உங்கள் மிஷினில் இருக்கிற செயற்கைப் பாதம் யாருடைய கால் அளவு?