ஆர்சி ட்ரக் முன் ஆர்ம் உடைஞ்சுகிட்டே இருக்கு, யாராவது வழி சொல்லுங்க (அவசரம்)

மண்தூசி:
எல்லாருக்கும் வணக்கம், என் ரிமோட் கன்ட்ரோல் ட்ரக்ல முன் சக்கரத்தைத் தாங்கற ஆர்ம் திரும்பத் திரும்ப உடையுது, புதுசு மாட்டினா ஒரு பேட்டரி தீர்றதுக்குள்ள போயிடுது, ஸ்பேர் வேற வெளிநாட்டுலேர்ந்து வரணும், கூரியர் கஸ்டம்ஸ்னு சேர்த்தா பார்ட் விலைய விட அதுதான் ஜாஸ்தி. பிளாஸ்டிக்கே மட்டமா? பேசாம அலுமினியம் போட்டுடலாமா? ஞாயித்துக்கிழமை கிரவுண்டு போகணும், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நாலுவீல்:
என்ன ட்ரக், என்ன ஸ்கேல்? பேட்டரி 2எஸ்ஸா 3எஸ்ஸா, அதாவது ரெண்டு செல்லா மூணு செல்லா? ஆர்ம்ல எந்த இடத்துல உடையுது, நடுவுலயா, உள்பக்கம் பின் போற இடத்துலயா, வீல் பக்கமா? போட்டோ இருந்தா போடுங்க.

வேளச்சேரி வீலி:
ப்ரோ யோசிக்காதீங்க, அலுமினியம் போடுங்க. நான் போட்டதுக்கப்புறம் ஆர்ம் உடைஞ்ச பேச்சே இல்ல.

பழைய பேரிங்:
இதே கேள்வி வாராவாரம் வருது. பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம். ஆர்சி பார்ட் எல்லாம் நைலான் தம்பி, மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணில வேகவைக்கணும், இந்த அடிப்படை கூட தெரியாம ட்ரக் வாங்கிடறாங்க. அரை மணி நேரம் கொதிக்கற தண்ணில போட்டு, அதே தண்ணில ஆறவிடுங்க. முடிஞ்சுது.

மண்தூசி:
1/10 ஸ்கேல், ஷார்ட் கோர்ஸ் டைப் ட்ரக், பிரஷ்லெஸ் மோட்டார், 3எஸ்ல ஓட்டறேன். கீழ் ஆர்ம், உள்பக்கம் ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஏறி இறங்க அச்சா இருக்கற கம்பி) போற ஓட்டைகிட்ட உடையுது. போட்டோ அப்புறம் போடறேன், வேலைல இருக்கேன்.

நாலுவீல்:
3எஸ்ஸா, அங்கயே பாதி விஷயம் இருக்கு. 7.4 வோல்ட் 11.1 ஆகுது, வேகம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மோதும்போது பார்ட் தாங்க வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அப்போ இரண்டேகால் மடங்கு. 2எஸ்ல பொழைச்ச ஆர்ம் 3எஸ்ல பிளாட்பார கட்டைல முட்டினா எப்படித் தாங்கும்? சரி, இன்னொண்ணு கேக்கறேன், ரெண்டு பக்கமும் உடையுதா, ஒரே பக்கமா?

வேளச்சேரி வீலி:
அதனாலதான் சொல்றேன், அலுமினியம்.

செம்மண் டிராக்:
வீலி ப்ரோ, அலுமினியம் ஆர்ம் உடையாது, சரி. அந்த அடி எங்க போகும்? நேரா ஹிஞ்ச் பின்னுக்கும், ஆர்ம் மாட்டியிருக்கற பல்க்ஹெட்டுக்கும் போகும், அதுவும் பிளாஸ்டிக்தானே. ஆர்ம் உடைஞ்சா ரெண்டு பின்னை உருவி பத்து நிமிஷத்துல மாத்திடலாம், பல்க்ஹெட்டோ கியர்பாக்ஸ் கேஸோ விரிஞ்சா முன்பக்கம் மொத்தத்தையும் பிரிக்கணும். போதாக்குறைக்கு அலுமினியம் ஒருதடவை வளைஞ்சா வளைஞ்சதுதான், அலைன்மென்ட் போயிடும், நைலான் வளைஞ்சு திரும்ப வந்துடும். ஆர்பிஎம்னு ஒரு கம்பெனி பண்ற ஆர்ம் உங்க மாடலுக்குக் கிடைக்குதான்னு பாருங்க, பாஷ் பண்றவங்க, அதாவது முரட்டுத்தனமா குதிக்கவிட்டு ஓட்டறவங்க, பல வருஷமா அதைத்தான் நம்பறாங்க, வண்டியோட வர்ற ஆர்ம விட நல்லா வளைஞ்சு கொடுக்கும்.

டொரன்டோ தம்பி:
வேகவைக்கறது பத்தி ஒண்ணு சொல்லணும். அது மூடநம்பிக்கை இல்ல, நைலான் தண்ணிய உறிஞ்சும், மோல்டுலேர்ந்து வர்றப்போ காய்ஞ்சுபோய் மொறமொறன்னு இருக்கும், ஈரம் ஏறினாத்தான் அடி தாங்கும். இங்க குளிர்காலத்துல வீட்டு ஹீட்டர்ல காத்து காய்ஞ்சு கிடக்கும், வெளிய மைனஸ் பத்துல ஓட்டுவோம், வேகவைக்காத ஆர்ம் சும்மா ஒரு குதிப்புக்கே போயிடும். ஆனா நம்ம ஊர் ஈரக்காத்துல இது எவ்வளவு தேவைன்னு யோசிக்கணும்.

பழைய பேரிங்:
எந்த ஊரா இருந்தாலும் வேகவைக்கணும். நான் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து செய்யறேன். சென்னைக்கு ஒரு விதி, கனடாவுக்கு ஒரு விதின்னு கிடையாது.

டொரன்டோ தம்பி:
விதி ஒண்ணுதான் அண்ணா, ஈரம்தான் வேற. கடற்கரை ஊர்ல அலமாரில கிடந்தாலே ஈரம் ஏறும், ஆனா ஆர்ம் தடிமனுக்கு அது வாரக்கணக்குல மெதுவாத்தான் நடக்கும். கொதிக்க வைக்கறது அதை சீக்கிரம் முடிக்கற வழி, அவ்வளவுதான். புது பார்ட் உடனே மாட்டணும்னா வேகவைங்க, தப்பே இல்ல.

செம்மண் டிராக்:
முதல்ல அது நைலானான்னு யாராவது கேட்டீங்களா? விலை கம்மியான வண்டில ஏபிஎஸ்ங்கற வேற பிளாஸ்டிக்கும் போடறாங்க, அதை நாள் பூரா வேகவைச்சாலும் ஒண்ணும் ஆகாது. உடைஞ்ச துண்டுல ஒரு சொட்டு அசிட்டோன் வைங்க, ஏபிஎஸ்னா மேல பிசுபிசுன்னு ஆகும், நைலான்னா ஒண்ணும் ஆகாது. தண்ணில போட்டா மிதந்துச்சுன்னா அது பாலிப்ரொப்பிலீன். இன்னொரு விஷயம், உடைஞ்ச இடத்தைப் பாருங்க, வெள்ளையா இழுபட்டு கிழிஞ்சிருந்தா அது வளைஞ்சு தாங்கப் பார்த்து அப்புறம்தான் போயிருக்கு, பிஸ்கட் மாதிரி வெடுக்குன்னு நேரா உடைஞ்சிருந்தா பார்ட் காய்ஞ்சிருக்கு, இல்லேன்னா பிளாஸ்டிக்ல கலந்த கண்ணாடி இழை ஜாஸ்தி.

லேத்துக்காரன்:
3டி பிரின்டர் யார்கிட்டயாவது இருந்தா பிரிண்ட் போட்டுக்கலாமே, ஸ்பேருக்குக் காத்திருக்கவே வேணாம்.

நாலுவீல்:
எதுல? பிரின்டர்ல வழக்கமா போடற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளகும், மே மாசம் கார் டிக்கில வச்சா ஆர்ம் வளைஞ்சு கிடக்கும். அதுவும் லேயர் ஒட்டுற கோட்டுல அடி விழுந்தா அப்படியே பிளந்துடும். நைலான் பிரிண்ட் போடலாம், ஆனா ஃபிலமென்ட்ட (பிரின்டருக்குள்ள போற பிளாஸ்டிக் கம்பி) காயவச்சு போடணும், லேசான வேலை இல்ல.

லேத்துக்காரன்:
படுக்க வச்சு போட்டா லேயர் பிரச்சினை வராது. நான் பம்பரே அப்படித்தான் போட்டு ஓட்டறேன்.

நாலுவீல்:
பம்பருக்குப் பரவால்ல. ஆர்ம்ல பின் ஓட்டை இருக்கே, அங்கதானே இவருக்கு உடையுது. மண்தூசி, ஒரே பக்கமான்னு கேட்டேன், பதில் வரல.

மண்தூசி:
ஆமா, இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் வண்டியோட வந்த ஆர்மே இன்னும் இருக்கு. அசிட்டோன் வச்சேன், ஒண்ணும் ஆகல.

நாலுவீல்:
அப்போ ஏபிஎஸ் இல்ல, ஒரே பக்கம்னா பிளாஸ்டிக்கையும் குறை சொல்ல முடியாது. மட்டமா இருந்தா ரெண்டு பக்கமும் போயிருக்கும்ல. ஆர்ம் மாத்தும்போது பழைய ஹிஞ்ச் பின்னையே போட்டீங்களா? அதை உருவி கண்ணாடி மேல வச்சு உருட்டுங்க, நேரா இருந்தா ஓசையில்லாம ஓடும், வளைஞ்சிருந்தா தத்தித் தத்தி ஓடும், நடுவுல வெளிச்சம் தெரியும். அப்புறம் ஷாக்க கழட்டிட்டு ஆர்ம தூக்கி விடுங்க, தன் வெயிட்லயே தொபுக்குன்னு விழணும். பாதில நின்னா பின் பிடிக்குதுன்னு அர்த்தம். வளைஞ்ச பின் எந்நேரமும் அந்த ஓட்டைய நெம்பிகிட்டே இருக்கும், சஸ்பென்ஷனும் ஃப்ரீயா ஆடாது, குதிச்சு இறங்கற அடி மொத்தமும் அந்த ஓட்டையிலதான் விழும். நீங்க எத்தனை புது ஆர்ம் போட்டாலும் அதே இடத்துலதான் உடையும்.

பழைய பேரிங்:
பின்னை செக் பண்றது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதனாலதான் தனியா சொல்லல.

டொரன்டோ தம்பி:
தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டாரே அண்ணா. புதுசா வர்றவங்ககிட்ட கொஞ்சம் பொறுமையா சொல்லலாம், அவரு நம்மள நம்பித்தான் கேக்கறாரு.

வேளச்சேரி வீலி:
என் வண்டில பல்க்ஹெட் போன மாசம் போச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோ?

செம்மண் டிராக்:
இருக்கு ப்ரோ. தனி இழை போடுங்க, போட்டோவோட.

மண்தூசி:
உருட்டினேன், தத்துது. கடைல அதே தடிமன்ல ஸ்டீல் பின் கிடைச்சது, அளவுக்கு வெட்டி மாட்டிட்டேன், ஆர்ம் இப்போ தானா விழுது. கிரவுண்டுல 2எஸ்ல ஓட்டினேன், உடையல. நன்றி.

நாலுவீல்:
சந்தோஷம். வெட்டின முனைய அரத்துல தேய்ச்சு மழுக்கினீங்களா? கூரா இருந்தா ஓட்டைய உள்ளேர்ந்து அறுக்கும்.

செம்மண் டிராக்:
3எஸ்ல ஓட்டிப் பார்த்தீங்களா?