ஸ்ப்ரே பிரஷர் ஏத்துனா தூசி கம்மியாகணும்ல?

புதுசா_இறங்குனவன்:
தெலங்கானாவுல ஒரு அண்டர்கிரவுண்ட் கரி மைன்ல ட்ரெய்னியா சேர்ந்து நாலு மாசம் ஆச்சு, கன்டினியூவஸ் மைனர் (கரி வெட்டுற மெஷின்) ஓடுற செக்‌ஷன். தூசி ஓவரா இருக்குன்னு போன வாரம் கட்டர் டிரம் (சுத்திச் சுத்தி கரிய வெட்டுற உருளை) மேல இருக்குற ஸ்ப்ரேக்கு பிரஷர ஏத்துனாங்க, அன்னிலேர்ந்து ரிமோட் புடிச்சு நிக்கிற ஆபரேட்டர் மூஞ்சியிலதான் எல்லாம் வந்து அடிக்குது. தண்ணி வேகமா அடிச்சா தூசி அடங்கணும்தானே, இது என்ன தலைகீழா இருக்கு?

பழைய_ஓவர்மேன்:
தம்பி, நாஸில்லேர்ந்து வேகமா பாயுற தண்ணி காத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். அது ஃபேஸ்ல, அதாவது வெட்டிட்டு இருக்குற கரிச் சுவத்துல மோதி போக வழியில்லாம திரும்பும், திரும்புறப்ப தூசியையும் கூட்டிட்டு வரும், ரோல்பேக்னு சொல்லுவோம். மேல் ஸ்ப்ரேக்கு நாஸில் வாய்ல அளந்து 7 பார் தாண்ட வேணாம்னு அமெரிக்காவுல நையாஷ்காரங்க (NIOSH, வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) சொல்றது இதுக்குத்தான். பூமுக்கு (டிரம்மத் தாங்குற கைக்கு) அடியில இருக்குறதுக்கு கூட வெச்சா தப்பில்ல. பறக்க ஆரம்பிச்ச நைஸ் தூசிய ஸ்ப்ரே வெச்சுப் புடிக்கிறது கஷ்டம்பா, 30 சதவீதம் புடிச்சாலே பெருசு, கரி உடையிற எடத்துலயே நனைச்சிடணும். அதுக்கு பிரஷர் வேணாம், தண்ணி நெறைய வேணும்.

மூணாம்_ஷிஃப்ட்:
டிரம்ல இருக்குற வெட்டுப் பல்லு, அதான் பிக், பாத்தீங்களா? மொட்ட பிக் கரிய வெட்டாது, அரைக்கும், அப்புறம் எவ்ளோ தண்ணி அடிச்சாலும் மாவுதான். சம்ப் தண்ணிய (மைன்ல குழியில தேங்குறத) ஃபில்டர் இல்லாம விட்டா நாஸில் அடைச்சுக்கும், ஆனா பம்ப் பக்கம் கேஜ் பாத்தா பிரஷர் ஜம்முனு காட்டும்! அப்புறம் எக்ஸாஸ்ட் டக்ட்னா (தூசிக் காத்த இழுத்து வெளியேத்துற குழாய்) ஆபரேட்டர அது வாயத் தாண்டி ஃபேஸ் பக்கம் நிக்க விடாதீங்க.

நெய்வேலிக்காரன்:
எங்க மாமா நெய்வேலில இருந்தாரு, அங்க ஓப்பன்காஸ்ட் (திறந்தவெளிச் சுரங்கம்), டேங்கர் வந்து ரோட்ட நனைச்சிட்டுப் போகும், இங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன். கண்ணுக்கு தூசி தெரியலன்னா சேஃப்தானே?

பழைய_ஓவர்மேன்:
இல்ல. நுரையீரல் அடிவரைக்கும் போறது சில மைக்ரான் தூசி, கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் சாம்பிள் எடுத்துப் பாக்குறது. 2017 கோல் மைன்ஸ் ரெகுலேஷன் படி அந்த நைஸ் தூசிக்கு லிமிட் ஒரு கன மீட்டர் காத்துக்கு 2 மில்லிகிராம், அதுல சிலிகா (கல்லுல இருக்குறது) 5 சதவீதத்துக்கு மேல போனா லிமிட் அதவிட கம்மி. கூரைக் கல்லையும் சேர்த்து வெட்டுற எடத்துல இதப் பாத்துக்கணும்.

புதுசா_இறங்குனவன்:
இன்னிக்கு மெஷின் நின்னப்ப எண்ணிட்டேன், அஞ்சு நாஸில் அடைப்பு, ரெண்டு தேஞ்சு வாய் அகலமாயிருக்கு. பிக் கேட்டிருக்கோம், ஸ்டோர்லேர்ந்து இன்னும் வரல. பிரஷர எறக்கச் சொல்லி யார்கிட்ட போறதுன்னுதான் தெரியல, ஏத்தச் சொன்னதே மேனேஜர்.