ஸ்ட்ரோக், கால் முறிவுக்குப் பிறகு வண்டி எடுப்பது: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பார்த்தவை

மறுவாழ்வுப் பிரிவு ஊழியர், ஈப்போ

ஸ்ட்ரோக் வந்தவர்கள் முதலில் கையைத்தான் நீட்டிக் காட்டுவார்கள். "ஸ்டீரிங் பிடிக்க முடியுதுங்க, எழுதிக் கொடுங்க" என்பார்கள். எனக்குக் கை இரண்டாவது. கண்ணும் கவனமும் முதலில்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் இருப்பதே மனசில் ஏறாது. பார்வை மங்கல் இல்லை என்பதால் கண்ணாடி மாற்றிப் பயனில்லை. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும், வாசல் நிலையில் இடது தோள் இடிக்கும். அவரைக் கேட்டால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்பார், மனசார நம்பித்தான் சொல்வார். வீட்டில் இதைப் பார்த்தால் சாவியை எடுத்து வையுங்கள். நம் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் நுழைவது அந்த இடப்பக்கத்தில்தான்.

தாள் சோதனை ஒன்று உண்டு: 1, ஏ, 2, பி என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்க வேண்டும். 3 நிமிடத்தைத் தாண்டினால் கவலைப்படும் அறிகுறி. ஆனால் இரண்டாம் மூன்றாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன பெரியவருக்கு ஏபிசி வரிசையே சரளமாக வராது. அவர் தடுமாறினால் நோய்மேல் பழி போடக்கூடாது. 1 முதல் 25 வரையுள்ள எண்களை இரண்டு நிறங்களில் மாறி மாறி இணைக்கும் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இதைப் பலர் கேட்பதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

ஓட்டுநர் பயிற்றுநர்

கால் விஷயத்தை நான் சொல்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். வலது காலை எண்ணெய்ப் பெடலிலிருந்து (ஆக்சிலரேட்டர்) பிரேக்குக்குத் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்லுங்கள். முதல் சில தடவை நன்றாகத்தான் போகும். களைத்த பிறகு பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல், ஷூ நுனி பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும். இன்னொன்று: பிரேக்கை அழுத்திப் பிடித்ததும் கால் தானாகத் தடதடவென உதறும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று சாலைக்கு இறங்க வேண்டாம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் 1 விநாடி தாமதம் என்றால் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். வலது கணுக்கால் முறிந்து ஆப்பரேஷன் செய்தவர்களுக்குப் பிரேக் மிதிக்கும் வேகம் பழைய நிலைக்கு வர சுமார் 9 வாரம் ஆகும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். வலி போய்விட்டது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

இடது கால் எண்ணெய்ப் பெடல் பொருத்தலாம் என்பார்கள். முப்பது வருஷம் வலது காலால் ஓட்டியவர் பதற்றத்தில் பழைய பழக்கத்துக்கே போவார், அதனால் பழைய பெடலை மூடித் தடுக்க வேண்டும், நிறையப் பயிற்சியும் வேண்டும். பொருத்தும் முன் ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையில் கேளுங்கள்.

சாலைச் சோதனைக்குப் பயிற்றுநர் பக்கமும் பிரேக் உள்ள வண்டிதான் சரி. தோட்டத்துச் செம்மண் பாதையில் மகனை உட்கார வைத்து ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அங்கே எதிரே வருவது ஒரு பாமாயில் லாரி, அதுவும் தூரத்திலேயே தெரியும். கிளைச்சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வலப்பக்கம் திரும்ப வைத்துப் பாருங்கள். முக்கால் மணி நேரமாவது ஓட்டட்டும். தவறுகள் பெரும்பாலும் பின்பாதியில்தான் வரும்.

தோட்ட கிளினிக் உதவியாளர்

"கார் வேண்டாம், மோட்டாரில் கடைக்குப் போய் வரேன்" என்பவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் எண்ணெய் முறுக்குவதும் முன் பிரேக்கும் வலது கையில், பின் பிரேக் வலது காலில். வலப்பக்கம் பலவீனமானால் நிறுத்தும் வழி இரண்டும் ஒன்றாகப் போகிறது. இடப்பக்கம் பலவீனமானாலோ, கியர் மாற்றுவதும் நிற்கும்போது ஊன்றுவதும் இடது கால்தான். சாலையோரமும் அந்தப் பக்கமே சரிந்திருக்கும். ஆட்டோ கியர் கார் ஓட்டத் தகுதி இல்லாதவருக்கு மோட்டார் அறவே கூடாது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள், அதுவும் இன்சுலின் போடுபவர்கள், கிளம்பும் முன் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். 5 mmol/L அளவுக்குக் கீழே இருந்தால் சாப்பிட்டு ஏற்றிய பிறகே வண்டி. நீண்ட பயணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பாதம் மரத்திருந்தால் பெடல் எவ்வளவு அமுங்கியது என்பதே தெரியாது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், பிரிகாபலின் தூக்கம் தரும், அளவு கூட்டிய நாட்களில் ஓட்டவே வேண்டாம்.

மறுவாழ்வுப் பிரிவு ஊழியர், ஈப்போ

லாரி ஓட்டுபவர்கள் காரின் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் ஸ்ட்ரோக்குக்குப் பின் காருக்குக் குறைந்தது 1 மாதம், கனரக வண்டிக்கு 1 வருஷம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே சரக்கு வண்டிக்கான ஜிடிஎல் உரிமம் வைத்திருப்பவர் டாக்டரிடம் மருத்துவப் பாரத்தை நிரப்பும்போது ஸ்ட்ரோக்கை மறைக்கவே கூடாது. பெர்கேசோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டியவர்கள் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், மலாக்காவில் அவர்களுக்கு மறுவாழ்வு மையம் இருக்கிறது.

சோதனைக்கு வரும்போது மருந்துப் பட்டியல், மூக்குக் கண்ணாடி, குதிகால் மூடிய மெல்லிய அடிப்பாக ஷூ கொண்டு வாருங்கள். சிலிப்பரோடு வந்தால் கால் சோதனையைச் சரியாகப் பார்க்க முடியாது. கூடவே வீட்டில் ஒருவர் வரட்டும், தட்டில் மிஞ்சும் சோற்றைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.