சிக்னல் விட்டு விட்டு வாற இடத்தில பாட்டு நிக்காமல் ஓட என்ன செய்யலாம்?

பாலைப்பழம்:
வணக்கம். கோவில் நாதஸ்வரம், தவில், கூத்துப் பாட்டு கேக்கிற அன்ட்ரொயிட் செயலி. மீடியா3 எக்ஸோபிளேயர் (அன்ட்ரொயிட்டில பாட்டு ஓட்டுற நூலகம்), 192 கிலோபிட் எம்4ஏ கோப்புகள், எச்எல்எஸ் (பாட்டைச் சின்னச் சின்னத் துண்டா அனுப்புற முறை) இல்லை. சேர்வர் சிங்கப்பூரில. கிளிநொச்சி டவுனில நல்லா ஓடுது. ஒட்டுசுட்டான் பக்கமும், ஏ9 இல பஸ்ஸில போகேக்கையும் சிக்கல்:
1. பிளே அமத்தி 15, 20 செக்கனுக்குப் பிறகுதான் தொடங்குது.
2. இடையில நிண்டு நிண்டு ஓடுது.
3. கேஷ் (இறங்கினதை ஃபோனில சேமிச்சு வைக்கிறது) போட்டும், கேட்ட பாட்டையே அடுத்த நாள் கேட்டால் திரும்ப டேட்டா போகுது.
எச்எல்எஸ்க்கு மாத்தவோ, சேர்வரை இந்தியாவுக்குக் கொண்டுபோகவோ?

குளக்கட்டு:
ரெண்டும் இப்ப வேண்டாம். மூண்டுக்கும் காரணம் வேற வேற.

முதலாவது: எம்4ஏ கோப்பில எந்தத் துண்டு எங்க கிடக்கெண்ட அட்டவணை ‘மூவ்’ எண்ட பெட்டியில இருக்கு. எஃப்எஃப்எம்பெக் (ஒலிக் கோப்பு மாத்துற மென்பொருள்) சும்மா எழுதினால் அதைக் கோப்பின்ர வாலில போட்டுவிடும். பிளேயர் தலைப்பை வாசிச்சு, வாலுக்குப் பாய்ஞ்சு, திரும்பத் தலைக்கு வரவேணும். நல்ல சிக்னலில தெரியாது, கெட்ட சிக்னலில ஒவ்வொரு பாய்ச்சலும் சில செக்கன். சேர்வர் ரேஞ்ச் கோரிக்கையை (கோப்பின்ர ஒரு துண்டை மட்டும் கேக்கிறதை) மதிக்காட்டில் இன்னும் மோசம்: 5 நிமிசப் பாட்டெண்டால் 7.2 எம்பியும் இறங்கினாப் பிறகுதான் சத்தம் வரும்.

மருந்து: எஃப்எஃப்எம்பெக்கில கொடெக்கை ‘கொப்பி’ எண்டு குடுத்து, மூவ்ஃபிளாக்ஸில ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ போடுங்கோ. திரும்ப என்கோட் ஆகாது, தரம் குறையாது. பிறகு முதல் 2 பைட்டை மட்டும் கேட்டு ஒரு கோரிக்கை அனுப்பிப் பாருங்கோ. 206 (கேட்ட துண்டு மட்டும்) வரவேணும். 200 (முழுக் கோப்பு) வந்தால் சேர்வர் அமைப்பில பிழை.

மூண்டாவதுக்கு ஒரு கேள்வி: லிங்கின்ர வாலில கையொப்பமும் (அனுமதிக் குறியீடு) காலாவதி நேரமும் ஒட்டியிருக்கோ?

பாலைப்பழம்:
ஓம் அண்ணை, ஒரு மணித்தியாலத்தில காலாவதி.

குளக்கட்டு:
அதுதான் கள்ளன். எக்ஸோபிளேயர் கேஷ் முழு முகவரியையே சாவியா எடுக்கும். கையொப்பம் மாற, அதே பாட்டு அதுக்குப் புதுப் பாட்டு. மீடியாஐட்டம் (பிளேயருக்குக் குடுக்கிற பாட்டு விபரம்) கட்டேக்க ‘செட்கஸ்டம்கேஷ்கீ’யில பாட்டு இலக்கத்தையும் பிட்ரேட்டையும் (192 கிலோபிட் போல) சேர்த்துக் குடுங்கோ. பிட்ரேட்டை மறந்தால் 64 கிலோபிட்டில பாதி, 192 இல மீதி எண்டு ஒரே சாவிக்குள்ள கலந்து, பாட்டு நடுவில பிழைச் செய்தியோட விழும்.

முதிரை:
ரெண்டாவதுக்கு நான். எக்ஸோபிளேயர் வழமையா 50 செக்கன் அளவுதான் முன்கூட்டி இறக்கி வைக்கும். பஸ் 60 கிலோமீற்றர் வேகத்தில போனால் 50 செக்கனுக்கு 830 மீற்றர்தான். டவர் இல்லாத காட்டுத் துண்டு அதைவிட நீளமெண்டால் பாட்டு நிக்கத்தான் செய்யும், சேர்வர் எங்க இருந்தாலும்.

‘டிஃபோல்ட்லோட்கொன்ட்ரோல்’ (எவ்வளவு முன்கூட்டி இறக்கிறதெண்டு தீர்மானிக்கிற பகுதி) இல கூடின அளவை 600000 மில்லிசெக்கன், குறைஞ்ச அளவை 300000 ஆக்குங்கோ. குறைஞ்சதை 50 செக்கனிலேயே விட்டால், ஒருக்கா நிரம்பின பிறகு 50 செக்கனுக்கு வடியும்வரை திரும்ப இறக்காது. அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போகும்! பாட்டுகளைத் தனித்தனியாக் குடுக்காமல் முழு வரிசையையும் ஒண்டாக் குடுத்தால் அடுத்த பாட்டும் முன்னுக்கே இறங்கும். ஆனா பாட்டைத் தட்டித் தட்டிப் போற ஆக்களுக்கு டேட்டா வீண், அதால இதை ‘பயண முறை’ எண்டு தனிப் பொத்தானா வைக்கிறது நல்லது.

192 தேவையே இல்லை. ஓபஸ் (சின்னக் கோப்பிலயும் நல்ல தரம் தாற ஒலி வடிவம்) 64 கிலோபிட்டில 5 நிமிசம் 2.4 எம்பி, 10 நிமிச பஃபர் (முன்கூட்டி இறக்கி வைக்கிறது) 4.8 எம்பி. பேச்செண்டால் 32 கூடக் காணும். நாதஸ்வரத்துக்கு 48 இல எச்ஈ-ஏஏசி (குறைஞ்ச பிட்ரேட்டுக்கான ஒலி வடிவம்) போடாதேங்கோ. அது மேல் சுருதி ஓசைகளை ஊகிச்சுத்தான் திரும்பக் கட்டும், சீவாளிச் சத்தம் தகரம் மாதிரி வரும். தவில் அடியின்ர முனையும் மழுங்கும். ஓபஸை இப்ப இருக்கிற 192 ஏஏசியில (எம்4ஏ கோப்பில) இருந்து எடுக்காமல் மூல வேவ் கோப்பில இருந்து எடுங்கோ. அன்ட்ரொயிட் 5 இல இருந்து ஓபஸ் ஓடும்.

சிடிஎன் (கோப்புகளைப் பல ஊரில கொப்பி வைச்சுக் குடுக்கிற சேவை) கொழும்பில முனை வைச்சிருந்தாலும், கேக்கிற ஆக்கள் குறைவெண்டால் கோப்பு அங்க தங்காது, பெரும்பாலும் சிங்கப்பூருக்கே போகும். அதைக் கடைசியாப் பாருங்கோ.

வீரைமரம்:
கேக்காத கேள்விக்கு ஒரு பதில், ஏனெண்டால் அடுத்த முறைப்பாடு இதுதான்: தேடல். ‘பொங்கல்’ எண்டதில ‘ொ’ ஒரே குறியாவும் வரும், ‘ெ’, ‘ா’ எண்டு ரெண்டாவும் வரும். கண்ணுக்கு ஒண்டு, கணினிக்கு வேற. சேமிக்கேக்கையும் தேடேக்கையும் என்எஃப்சி (ரெண்டையும் ஒரே குறியாச் சேர்க்கிற யூனிகோட் முறை) ஆக்குங்கோ. பழைய சீடிகளின்ர பெயர்கள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில இருந்தால் என்எஃப்சி உதவாது, அது உள்ளுக்கு வெறும் ஆங்கில எழுத்து. முதல் யூனிகோடுக்கு மாத்தவேணும்.

பிறகு எழுத்துக்கூட்டல். ஒராள் ‘வற்றாப்பளை’ எண்டு அடிப்பார், மற்றவர் ‘வத்தாப்பளை’ எண்டு. காட்டுறதுக்கு ஒரு பெயர், தேடுறதுக்கு ஒரு மறைவான சாவி வையுங்கோ: ‘ற்ற’வை ‘த்த’ ஆக்கி, அதுக்குப் பிறகு ற→ர, ண/ந→ன, ள/ழ→ல. ஒழுங்கு முக்கியம், ‘ற’வை முதல் மாத்தினால் ‘ற்ற’ பிடிபடாது.

பாலைப்பழம்:
நன்றி அண்ணையாக்கள். பழைய சாவியில கிடக்கிற கேஷ் என்னாகும்?

குளக்கட்டு:
சும்மா இடம் பிடிச்சுக்கொண்டு கிடக்கும். அளவு வரம்பு போட்டிருந்தால் மெல்ல மெல்லக் கழியும், ஆனா புது அப்டேட் முதல்தரம் திறக்கேக்க ஒருக்கா முழுக்கத் துடைக்கிறது சுத்தம். எக்ஸோபிளேயரின்ர கேஷ் பகுதியான ‘சிம்பிள்கேஷ்’ஐத் திறக்க முன்னம் துடையுங்கோ, திறந்தாப் பிறகு ஃபோல்டரை அழிச்சால் அட்டவணையும் கோப்பும் பொருந்தாமல் போகும்.