ஆசியான்-ஆஸ்திரேலியா-நியூசிலாந்து ஒப்பந்தத்தோடு வந்த உதவித் திட்டம்: பலனை எதை வைத்து அளப்பது?

குறிப்பேடு:
எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்துவிட்டு முழி பிதுங்கிக்கொண்டிருக்கிறேன். 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இது. இதன் 12-ஆவது அத்தியாயம் பொருளாதார ஒத்துழைப்பு. அதன்கீழ் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் நாடுகளுக்குப் பயிற்சி, சட்ட உதவி, ஆலோசகர் என்று ஒரு திட்டம் நடந்தது. அது உருப்படியாக வேலை செய்ததா என்று எப்படிச் சொல்வது? 2010-க்கு முன்னும் பின்னும் ஏற்றுமதியைக் கழித்துப் பார் என்கிறார் என் வழிகாட்டி. எனக்கு அது இடிக்கிறது, ஆனால் ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வரிக்கணக்கு:
உங்களுக்கு இடிப்பதில் நியாயம் இருக்கிறது. அதே பாதையில் எத்தனை ஒப்பந்தங்கள் ஓடுகின்றன பாருங்கள்: ஆஸ்திரேலியாவோடு சிங்கப்பூருக்கு 2003, தாய்லாந்துக்கு 2005, மலேசியாவுக்கு 2013, இந்தோனேசியாவுக்கு 2020 முதல் தனி ஒப்பந்தம், அதற்கு மேல் 2022-ல் ஆசியானோடு சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்சிஇபி வர்த்தக ஒப்பந்தம் வேறு. தாய்லாந்திலிருந்து ஒரு கன்டெய்னர் போனால் அது எந்த ஒப்பந்தத்தின் கணக்கு?

சரி, பயன்பாட்டு விகிதத்தை, அதாவது தகுதியுள்ள ஏற்றுமதியில் எவ்வளவு ஒப்பந்தச் சலுகை வரியில் போகிறது என்பதை, எடுக்கலாமே என்று அடுத்து தோன்றும். அதிலும் வழுக்கும். கம்போடியா, லாவோஸ், மியான்மர் மூன்றும் குறைந்த வளர்ச்சி நாடுகள் என்பதால் நியூசிலாந்து 2001-லிருந்தும் ஆஸ்திரேலியா 2003-லிருந்தும் அவற்றுக்கு ஏற்கெனவே வரியில்லாமல் கதவைத் திறந்து வைத்திருந்தன. மற்றவர்களுக்கும் ஆஸ்திரேலியாவின் பொது வரியே பெரும்பாலான பொருள்களுக்கு 0 அல்லது 5 சதவீதம்தான். அந்த அஞ்சு சதவீதத்துக்காக யார் பொருளின் மதிப்பில் 40 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்தது என்று கணக்குப் போட்டு, எந்த நாட்டுப் பொருள் என்று காட்டும் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் வாங்க அலைவார்கள்? ஆக விகிதம் குறைவு என்பதாலேயே பயிற்சி வீண் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாம் வரிசை:
நான் இந்த மாதிரி ஒரு பயிற்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறேன். எந்த நாடு, எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வருகைப் பதிவேட்டில் எழுபது கையெழுத்து, அறிக்கையில் அது 'எழுபது அதிகாரிகளுக்குத் திறன் மேம்பாடு' ஆனது. ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து சான்றிதழை வாங்கிப் பார்க்கிற கிளார்க் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை, வந்தவர்களில் பாதிப் பேர் போன வருடமும் வந்தவர்கள். ரெண்டு நாள் கழித்து அந்தக் கவுன்டருக்குப் போனபோது பார்த்தேன், மேசைக் கண்ணாடிக்கு அடியில் கையால் எழுதிய ஒரு பழைய தாள், எந்தப் பெட்டியில் எந்தக் குறியீடு இருந்தால் ஏற்கலாம் என்று. அவருக்கு ஒப்பந்தம் என்பது அந்தத் தாள்தான்.

நான் ஆய்வு செய்வதாக இருந்தால் நிராகரித்த சான்றிதழ்களின் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பேன். என்ன காரணத்துக்காகத் திருப்பினார்கள், பயிற்சிக்குப் பிறகு அந்தக் காரணங்கள் மாறினவா? கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

குறிப்பேடு:
ஐயோ, பதிவேடு எனக்கு எங்கே கிடைக்கும்! வெளியிலிருந்தே சரிபார்க்கக்கூடியது ஏதாவது?

நடுப்பக்கம்:
வணிகமுத்திரைப் பக்கம் போங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வணிகமுத்திரையைப் பதிய வழிசெய்யும் மாட்ரிட் நெறிமுறையில் சேர ஆசியான் நாடுகளுக்கு இந்தத் திட்டம் உதவியது. கம்போடியா 2015, லாவோஸ் 2016, புருனே, தாய்லாந்து 2017, இந்தோனேசியா 2018, மலேசியா 2019 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தேதிகள் பொதுவில் இருக்கின்றன, யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. மாட்ரிட்டில் சேருவது ஆசியானின் சொந்தத் திட்டத்திலேயே இருந்தது, ஆகவே 'எங்களால்தான் சேர்ந்தார்கள்' என்று எந்தத் திட்டமும் மார்தட்ட முடியாது. முழுப் பெருமையையும் யாருக்கு எழுதுவது என்று தேடாமல், இந்த உதவி எந்த இடத்தில் முட்டுக்கட்டையை எடுத்தது என்று நாடுவாரியாகப் பாருங்கள்: சட்டத் திருத்தமா, அலுவலக மென்பொருளா, ஆள் பயிற்சியா. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2019-ல் தன் உதவித் திட்ட மதிப்பீட்டு அளவுகோல்களில் இணக்கம் (ஒரு திட்டம் மற்றத் திட்டங்களோடு எப்படிப் பொருந்துகிறது) என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்த்ததே, அதை உங்கள் வழிகாட்டியிடம் காட்டுங்கள். கழித்தல் கணக்கை விடச் சொல்ல அது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

வரிக்கணக்கு:
விட வேண்டாம், பின்னிணைப்பில் போடட்டும். வழிகாட்டி கையெழுத்து வேண்டுமே.