திஸ், தட், தீஸ், தோஸ்: பக்கம், தூரம் தெரிந்தும் எங்கே சறுக்குகிறது?

கயல்: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பாடம் தயாரிக்கிறேன். பக்கத்தில் இருந்தால் திஸ், தள்ளி இருந்தால் தட். இது எல்லோருக்கும் தெரிகிறது. பேச ஆரம்பித்தால் "திஸ் புக்ஸ்" என்கிறார்கள். போனில் "ஐ ஆம் ரவி". எதை முதலில் திருத்துவது?

வடகரையான்: பன்மையை. ஒன்றுக்கு மேல் என்றால் திஸ் தீஸ் ஆகும், தட் தோஸ் ஆகும். "இந்தப் புத்தகம்", "இந்தப் புத்தகங்கள்" இரண்டிலும் நம் "இந்த" மாறுவதே இல்லை. அந்தப் பழக்கம்தான் அங்கேயும் வருகிறது. பெயர்ச்சொல்லை முதலில் சொல்ல வையுங்கள்: "புக்ஸ்". பிறகு முன்னால் சேர்க்கட்டும்: "தீஸ் புக்ஸ்". கத்தரிக்கோல் ஒன்றே ஆனாலும் "தீஸ் சிஸர்ஸ்"தான், ட்ரவுசர்ஸும் அப்படியே. "பேர் ஆஃப்" (ஜோடி) நடுவில் வந்தால் "திஸ் பேர் ஆஃப் சிஸர்ஸ்". நியூஸ் மட்டும் ஏமாற்றும், அது ஒருமை: "திஸ் நியூஸ்". இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் இரண்டுக்கும் தீஸ் வரவே வராது.

உச்சரிப்பையும் விடாதீர்கள். திஸ் குறில், முடிவில் வெறும் காற்று. தீஸ் நெடில், முடிவில் வண்டு ரீங்காரம் போல ஒலி. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும்.

மாலதி டீச்சர்: போனில் "திஸ் இஸ் ரவி". "ஐ ஆம் ரவி" நேரில் அறிமுகம் செய்துகொள்ளும்போது. எதிர்முனையில் யார் என்று கேட்க பிரிட்டனில் "ஹூ இஸ் தட்?", அமெரிக்காவில் "ஹூ இஸ் திஸ்?".

ஆட்களை அறிமுகப்படுத்த "திஸ் இஸ் மை அங்கிள்" சரி. அடுத்த வாக்கியத்திலேயே ஹி-க்கு மாறிவிட வேண்டும். "திஸ் ஒர்க்ஸ் இன் மதுரை" என்றால் மனிதரைப் பொருளாக்கிவிடுகிறோம். பதிலிலும் கவனம் வேண்டும்: "இஸ் திஸ் யுவர் பேக்?" என்றால் "யெஸ், இட் இஸ்". "ஆர் தீஸ் யுவர் கீஸ்?" என்றால் "யெஸ், தே ஆர்". "யெஸ், திஸ் இஸ்" என்பதை அடிக்கடி கேட்கிறேன், அவசியம் திருத்துங்கள்.

கயல்: நன்றி டீச்சர். "என்னோட இந்த ஃப்ரெண்ட்" என்பதை "மை திஸ் ஃப்ரெண்ட்" என்கிறார்களே?

வடகரையான்: மை, திஸ் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை; சேர்ந்து நிற்காது. "திஸ் ஃப்ரெண்ட் ஆஃப் மைன்".

செந்தில்_கோவை: காலத்தையும் சேருங்கள். "திஸ் மார்னிங்", முன்னால் "இன்" கூடாது. "தீஸ் டேஸ்" என்பதற்கும் வேண்டாம். ஆனால் "இன் தோஸ் டேஸ்" என்பதில் வேண்டும். இன்னொன்று: "ஐ காட் த ஜாப்" என்று ஒருவர் சொன்னால் "தட்ஸ் கிரேட்!" என்பதே இயல்பு. நாம் சொல்லப்போவதற்குத்தான் திஸ்: "லிசன் டு திஸ்".